மொட்டுத் தொண்டு செய்த நாச்சாத்தாள்

மருதவாடி ஆராய்ச்சிப் பண்ணையில் கூலி வேலை பார்த்து வந்தவர் நாச்சாத்தாள் அம்மையார். சோயா மொட்டு எள்ளினும் சற்றே பெரிது. அது விரியுமுன் இடுக்கியால் இதழை விலக்கி, உள்ளிருக்கும் மகரந்தப் பைகளைக் களைந்து, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவி நூல் கட்டி வைப்பது அவர் வேலை. ஒவ்வொரு மொட்டைத் தொடும்போதும் "சிவசிவ" என்பார். மாலையில் மருதீசர் கோயில் முற்றத்தைக் கூட்டிய பிறகே வீடு திரும்புவார்.

அக்காலத்தில் மஞ்சள் தேமல் நோய் அந்தச் சீமையின் சோயாக் காடுகளையெல்லாம் வெளுக்கச் செய்தது. அம்மையாரின் கணவர் ரங்கப்பர் விதைத்த இரண்டு ஏக்கரும் காய் பிடிக்காமல் போயிற்று. நோய் தாங்கும் மரபணு, தானே முளைக்கும் காட்டுச் சோயா ஒன்றில் இருப்பதைப் பண்ணை ஆய்வாளர் செங்கோடன் கண்டிருந்தார். அதை உழவர் பயிரிடும் சோயாவில் சேர்க்க இரண்டாண்டு முயன்றும், கட்டிய மொட்டெல்லாம் உதிர்ந்தன.

"ஆத்தா மந்திரத்தக் கேட்டுப் பூவு பயந்து உழுந்துருது" என்று உடன் வேலை செய்தோர் நகைத்தனர். அம்மையாரும் சிரித்துக்கொண்டே அடுத்த மொட்டைத் தொட்டார்.

மூன்றாம் ஆண்டு, இரு செடிகளும் ஒருசேர மொட்டுவிட்ட வாரத்தில், ரங்கப்பர் பாம்பு தீண்டி இறந்தார். மூன்றாம் நாள் காலை அம்மையார் பண்ணைக்கு வந்து நின்றார். ஊர் தூற்றியது. செங்கோடனே பதறி, "வேண்டாமுங்க ஆத்தா, ஊட்டுக்குப் போங்க" என்றார்.

"நாளைக்கு மொட்டு விரிஞ்சுருமுங்க. அப்பறம் அடுத்த வருசந்தான். எங்க காடு வெளுத்தாப்பல இன்னொருத்தர் காடும் வெளுக்கோணுங்களா?"

கண்ணீர் மொட்டில் விழாதபடி புறங்கையால் துடைத்துத் துடைத்து அறுபது மொட்டுகளைத் தொட்டார். நான்கே காய்த்தன. அவற்றின் வழிவந்த கன்றுகளின் இலையை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அந்த மரபணு உள்ளவற்றையே தேர்ந்து ஆறாண்டு வளர்த்தார் செங்கோடன். மறுபடியும் தேமல் வந்தபோது அந்த வயல் மட்டும் பச்சையாய் நின்றது.

உழவர்க்கு விதை வழங்கிய நாளில் அம்மையார் ஓரமாகச் சாக்கு பிடித்துக்கொண்டிருந்தார். நீறணிந்த முதியவர் ஒருவர் விதை வாங்காமல் நேரே அவரிடம் வந்தார்.

"நாச்சா, நீ தொட்ட பூவெல்லாம் நம்ம முடியிலதான் இருக்குது. உதுந்ததுந்தான்."

அம்மையாரின் நெற்றியில் திருநீறு இட்டார். அம்மையார் கண் திறந்தபோது அவரைக் காணவில்லை. வந்தவர் யாரென உணர்ந்து மண்ணில் விழுந்து வணங்கியவர், கணவர் போன பின் முதன்முறையாக வாய்விட்டு அழுதார்.

தம் துயரிலும் பிறர் காடு தழைக்க நினைத்த அந்தத் தாயின் கைகளுக்கு நம் வணக்கம் உரியது.