ரெண்டு மடங்கு வேகம்

"மிஸ், என் காது செத்துப் போச்சு" என்றாள் பொன்மணி.

ஹெப்சி மிஸ் அவள் காதைப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கு. கம்மல்கூட புதுசு மாதிரி தெரியுது."

"விளையாடாதிய மிஸ். மறுபடியும் ஊத்திக்கிச்சு."

நர்ஸுகளுக்கான இங்கிலீஷ் பரிட்சை அது. படிப்பது, எழுதுவது, பேசுவது, கேட்பது என்று நாலு பகுதி. மூன்றில் பொன்மணி பாஸ். கேட்பதில் மட்டும் ஒவ்வொரு தடவையும் கோட்டை விட்டுவிடுவாள். நாலிலும் தேறினால்தான் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை. மூன்றோடு நின்றால், வாழ்த்துகள், வீட்டுக்குப் போங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை. அதுதான் சென்டர். மிஸ்ஸுக்கு வயது இருபத்தெட்டு. பொன்மணிக்கு நாற்பத்து மூன்று. மிஸ் அவளை அக்கா என்பாள். அக்கா இவளை மிஸ் என்பாள். அதில் இரண்டு பேருக்குமே கூச்சம் கிடையாது.

இந்த வயதில் எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால், புருஷனுக்காக. செல்லத்துரை இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில், வயசானவர்களைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டும் வேலையில் இருக்கிறார். அவர் விசாவில் பெண்டாட்டியைக் கூட்டிக்கொள்ள வழியில்லை. இவளே நர்ஸாக வேலை வாங்கிக்கொண்டு போனால்தான் உண்டு. பிள்ளைகள் இல்லை. அவளுக்கு அவர், அவருக்கு அவள். நடுவில் கடல்.

"கட்டில்ல அவரு படுக்குற பக்கத்துல நான் படுக்கதே இல்ல மிஸ். அப்படியே விட்டு வச்சிருக்கேன்" என்று ஒருநாள் அவளாகவே சொன்னாள். சொல்லிவிட்டு, "சவத்தை விடுங்க, இதெல்லாம் எதுக்கு உங்ககிட்ட சொல்லுதேன்" என்று சிரித்துக்கொண்டாள்.

"டேப் போடுதேன், எழுதுங்க" என்றாள் மிஸ்.

டேப்பாவது ஒன்றாவது. கம்ப்யூட்டர்தான். ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அது டேப்.

ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் முழங்கால் வலியை ஒரு நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பொன்மணியின் முன்னால் ஒரு தாள். அதில் காலி இடங்கள். கிழவர் சொல்வதைக் கேட்டு நிரப்ப வேண்டும்.

பேனா பறந்தது. கிழவர் வாயை மூடுவதற்கு முன்னாலேயே பொன்மணி தாளை நீட்டிவிட்டாள்.

மிஸ் பார்த்தாள்.

"வலி எப்ப வருது?"

"படி ஏறும்போது."

"அப்படியா சொன்னாரு?"

"முழங்கால் வலின்னா படி ஏறும்போதுதானே மிஸ் வரும்? நான் எத்தனை முழங்காலைப் பாத்திருக்கேன்!"

"இந்த முழங்காலைப் பாத்திருக்கியளா?"

பொன்மணிக்குக் கோபம் வந்தது.

"எங்க ஆஸ்பத்திரில வந்து ஒரு நாள் நின்னு பாருங்க மிஸ். அவங்க பேசி முடிக்கட்டும்னு நின்னா அடுத்தவன் செத்துருவான். வயிறுன்னு வாயைத் திறக்கும்போதே நான் சீட்டுல எழுதிருவேன். பொன்மணி எழுதினா மறுபடி கேக்க வேண்டாம்னு டாக்டரே சொல்லுவாரு."

அது பொய்யில்லை. அந்த ஆஸ்பத்திரியில் அவள் வேகம் யாருக்கும் வராது.

"கிழவர் படி ஏறுறதை விட்டே நாளாச்சுன்னு சொன்னாரு" என்றாள் மிஸ். "தோட்டத்துல முட்டி போட்டுக் களை எடுக்கும்போதுதான் வலிக்குதாம்."

"ஐயோ! எப்பச் சொன்னாரு?"

"கடைசில."

"கடைசில நான் அடுத்த கேள்விக்குப் போயிட்டேனே!"

மிஸ் கையை நீட்டினாள்.

"பேனாவைக் குடுங்க."

வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள்.

"பேனா இல்லாம எப்படி மிஸ்? சனிக்கிழமை அடுத்த பரிட்சை!"

"எழுத வேண்டாம். கேளுங்க."

இன்னொரு டேப். ஒரு பெண், தூக்கமே வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பொன்மணியின் வலது கை வெறும் மேஜையில் எழுதிக்கொண்டே போனது. மிஸ் அந்தக் கையைப் பிடித்து அவள் மடியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது மடியில் எழுத ஆரம்பித்தது.

"என்ன சொன்னா?"

"தூக்கம் வரல. மாத்திரை கேக்கா."

"மாத்திரை வேண்டாம்னு சொன்னா."

பொன்மணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மிஸ் சொன்னாள்: "நாளைக்கு ஆஸ்பத்திரில ஒரே ஒரு ஆளு. அவரு பேசி முடிக்குற வரைக்கும் கேட்டுட்டு வாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மறுநாள் பொன்மணி படியேறி வரும்போதே மூச்சு வாங்கியது.

"கேட்டேன் மிஸ். ஒரு லாரிக்காரரு. நெஞ்செரிச்சல்னு வந்தாரு. எம்மாடி, என்னா பேச்சு! மச்சினன் கல்யாணங்காரு, மட்டன் பிரியாணிங்காரு, ஆம்பூர்ல டயர் பஞ்சருங்காரு. பல்லைக் கடிச்சுட்டு நின்னேன்."

"கடைசில என்ன சொன்னாரு?"

"கடைசில..." பொன்மணி நிறுத்தினாள். "கடைசில நான் ஈசிஜி எடுக்க வயரை மாட்டிட்டு இருந்தேன்."

மிஸ் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வெயில் காலம். மாடியில் ஃபேன் ஓடியது, காற்றுதான் வரவில்லை.

பொன்மணிக்கு அழுகையே வந்துவிட்டது.

"என் காதுல ஒரு கோளாறும் இல்ல மிஸ். அவங்க பேசுற இங்கிலீஷ்தான் எனக்குப் பிடிபட மாட்டேங்கு. தமிழ்ல சொன்னா நான் ஏன் விடப்போறேன்?"

"தமிழ்ல விட மாட்டியளா?"

"என்ன மிஸ் கேள்வி இது!"

"சரி. நேத்தைக்கு அத்தான் என்ன சொன்னாரு?"

அத்தான் என்றால் செல்லத்துரை.

"அவரு என்ன சொல்லுவாரு? சாப்பிட்டேன், டூட்டி முடிஞ்சுது, குளிருது, நீ படி."

"அது தினமும் சொல்லுதது. நேத்தைக்கு என்ன சொன்னாரு?"

பொன்மணி வாயைத் திறந்தாள். புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"அதேதான் மிஸ்" என்றாள். குரலில் தெம்பு இல்லை.

"போனை எடுங்க."

இரண்டு பேருக்கும் நேரம் ஒத்துவருவதில்லை. இவளுக்கு ஓய்வு வரும்போது அவர் டூட்டியில் இருப்பார், அவருக்கு ஓய்வு வரும்போது இவள் ஊசி போட்டுக்கொண்டிருப்பாள். அதனால் அவர் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். இவள் பஸ்ஸில் கேட்பாள். பதிலுக்கு ஒரே வரி போடுவாள்: இன்னும் கொஞ்ச நாள்தான், நான் வந்துருவேன். அதுதான் குடும்பம் நடந்த லட்சணம்.

பொன்மணி போனைத் தட்டினாள். சளி பிடித்த கிளி மாதிரி ஒரு குரல் கீச்சுக் கீச்சென்று ஓடியது.

மிஸ் சிரித்துவிட்டாள். "என்னக்கா இது? அத்தான் ஏன் இப்படிப் பேசுதாரு?"

"ரெண்டு மடங்கு வேகத்துல வச்சிருக்கேன் மிஸ். நீங்கதானே சொன்னிய? வேகமா ஓட்டிக் கேட்டுப் பழகினா பரிட்சைல மெதுவாத் தெரியும்னு."

"டேப்பைச் சொன்னேன்!"

"நான் எல்லாத்தையும் அப்படித்தான் கேக்குதேன். சர்ச் பிரசங்கத்தைக்கூட."

மிஸ்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது.

"எப்ப இருந்து?"

"நீங்க சொன்னதுலருந்து. அப்ப மழைக்காலம்."

சொல்லும்போதே பொன்மணிக்கு என்னவோ போல் இருந்தது. வேகத்தைக் குறைக்கப் போனை எடுத்தாள். மிஸ் அவள் கையைத் தடுத்தாள்.

"அது போனது போகட்டும். ஆளைக் கூப்பிடுங்க. முழிச்சிருப்பாரா?"

"ராத்திரி டூட்டி முடிஞ்சு இப்பத்தான் ரூமுக்கு வந்திருப்பாரு."

"கூப்பிடுங்க. ஆனா அவரு பேசி முடிச்ச பிறகுதான் நீங்க பேசணும்."

"முடிச்சுட்டாருன்னு எப்படித் தெரியும் மிஸ்?"

மிஸ் எழுந்து வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"பொன்மணி? என்ன இந்நேரம்? யாருக்கும் எதுவும்..."

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சும்மாவா?" அவர் நம்பவில்லை. "சாப்பிட்டேன். இப்பத்தான் டூட்டி முடிஞ்சுது. குளிர் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. நீ படிக்கியா?"

இந்த இடத்தில் அவளுடைய அந்த ஒரு வரி வரவேண்டும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் பேச்சில்லை. குழாயில் தண்ணீர் விழுந்தது. நின்றது.

"லைன் இருக்கா?"

"இருக்கு."

மறுபடியும் பேச்சில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது. வலது மூக்கில் ஒரு சின்ன விசில். பக்கத்தில் படுத்திருக்கும்போது, இதென்ன சனியன், தூங்க விடாமல் என்று அவள் எத்தனை தடவை முதுகில் இடித்திருக்கிறாள்! ரெண்டு மடங்கு வேகத்தில் இது எங்கே கேட்கும்? அந்த மனுஷனை அவளுக்கு அப்படித் தேடியது.

"நான் அன்னிக்குக் கேட்டேன்லா" என்றார்.

அவள் பேசவில்லை.

"நீதான் பதில் சொல்லிட்டியே. அதுக்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கல."

என்ன கேட்டார்? எந்த பஸ்ஸில், எந்த நிறுத்தத்தில் அது ஓடிப்போனது? இதற்கு மேல் மிஸ் சொன்னபடி இருக்க அவளால் முடியவில்லை.

"நான் என்ன பதில் சொன்னேன்?"

"எப்பவும் சொல்லுவியே. இன்னும் கொஞ்ச நாள்தான், வந்துருவேன்னு."

"நீங்க என்ன கேட்டிய?"

"நீ அதைக் காதுலயே வாங்கலையா?"

பொய் சொல்லியிருக்கலாம். பொன்மணிக்கு மனசு வரவில்லை.

"வாங்கல" என்றாள். "வாங்கிட்டேன்னு நெனச்சுட்டேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"நான் திரும்பி வந்துரட்டுமான்னு கேட்டேன் பொன்மணி."

சனிக்கிழமை பரிட்சை, இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஊர் என்ன சொல்லும் என்று ஒரு பட்டாளமே அவள் வாய்வரை வந்து நின்றது. பொன்மணி இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இங்க அந்தோணியும் லிடியாவும் இருக்காங்கல்லா" என்றார் அவர். "லிடியாவும் உன்ன மாதிரிதான். பரிட்சை எழுதி, பாஸ் பண்ணி, புருஷன்கூட இருக்கணும்னு வந்தவ. ஒரே வீட்டுலதான் இருக்காங்க. அவளுக்கு ராத்திரி டூட்டி, அவனுக்குப் பகல். அவ உள்ள வரும்போது அவன் வெளிய போறான். வாசல்ல நின்னு சாவியைக் கைமாத்திக்கிடுதாங்க. நான் பாத்தேன். குழம்பு அடுப்புல இருக்குன்னு அவன் சொன்னான். பஸ் லேட்டுன்னு அவ சொன்னா. அன்னைக்கு அவ்வளவுதான் பேச்சு."

அவர் மூக்கை உறிஞ்சினார். சளிதான் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

"நீ பாஸாயிருவ. எனக்குத் தெரியும். பாஸாகி வந்து, நாமளும் வாசல்ல நின்னு சாவி குடுத்துக்கிடணுமா? அதுக்கா இத்தனை நாளு ஆளுக்கு ஒரு பக்கம் கெடக்கோம்?"

பொன்மணி கண்ணைத் துடைக்கவில்லை. துடைக்கப் போனால் விசும்பல் கேட்டுவிடும்.

"அங்க வந்தா என்ன வேலை கிடைக்கும்னு தெரியாது. வேன் ஓட்டுவேன். ஏதோ செய்வேன். நீ டூட்டி முடிஞ்சு வந்து பெல் அடிக்கணும், நான் கதவைத் திறக்கணும். எனக்கு அது போதும். ஆம்பிளை இப்படிச் சொல்லுதானேன்னு நினைக்காத."

நின்றது.

முடித்துவிட்டாரா? தெரியவில்லை. பொன்மணி காத்திருந்தாள். கீழே மருந்துக்கடை வாசலில் வண்டியை எடுக்கச் சொல்லி யாரோ கத்தினார்கள். படியில் மிஸ் செருமினாள். இன்னும் காத்திருந்தாள். மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"வந்துருங்க" என்றாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"என்னங்க? கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார் செல்லத்துரை. "இன்னொரு தடவ சொல்லு."