முதுகுக்குப் பின்னால் சுவர்

இருதயராஜ் எந்தக் கல்லூரியிலும் கோடிங் படித்தவனில்லை. செல்போன் கடையில் ரிப்பேர் வேலை பார்த்துக்கொண்டே வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவன். கோயம்புத்தூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி அவனை எடுத்துக்கொண்டபோது வீட்டில் எல்லோருக்கும் ஒரே குஷி. அவனுக்குத்தான் பயம், சாயம் வெளுத்துவிடுமே என்று.

சேர்ந்த அன்றே மேசையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான். ஒவ்வொன்றையும் கூகுளில் தேடித் தேடி எழுதுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதே! ஆள் வரும் சத்தம் கேட்டால் தேடல் பக்கத்தைச் சட்டென்று மூடிவிடுவான். என்ன பிழைப்போ, பாவம்.

ஒருநாள் தாங்க முடியாமல் ஹபீபாவிடம் போனான். அவனுக்கு வேலை சொல்லித் தருபவள் அவள்தான். அவனைவிடச் சின்னவள். ஆனாலும் ஆபீசே அவளை 'குருவே' என்றுதான் கூப்பிடும். கிண்டலாக ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

"குருவே, நான் வேலையை விட்டுடறேனுங்க."

"ஏனுங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மாட்டிக்கறதுக்குள்ள நானே கெளம்பிக்கறேன். ராஜினாமா மெயில்கூட அடிச்சு வெச்சுட்டேன்."

"அனுப்பியாச்சா?"

"இன்னும் இல்லைங்க."

ஹபீபா எழுந்து தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்தாள். "இந்தப் பக்கத்துல தேதி தப்பா வருது. சரி பண்ணிட்டு அப்புறமா அனுப்புங்க."

அவள் கம்ப்யூட்டரில், அவள் கண்ணெதிரிலா! தேதி விஷயம் அவனுக்கு எப்போதுமே மறந்துவிடும். வேறு வழியில்லை. கூகுளைத் திறந்து இரண்டு எழுத்து தட்டினான்.

அவள் முன்பு தேடியதெல்லாம் வரிசையாக வந்து விழுந்தது. எல்லாமே தேதி. அதே கேள்வி.

"குருவே... இது நீங்க தேடுனதா?"

"பின்னே?"

"இத்தனை வருஷ சர்வீஸுக்கு அப்புறமுமா?"

"இத்தனை வருஷமா தேடிட்டுத்தான் இருக்கேன். இன்னிக்குக் காலையிலகூடத் தேடினேன்."

இருதயராஜுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே தேதியைச் சரிசெய்தான்.

"அந்த மெயிலை அழிச்சிடறேனுங்க."

"அழிங்க. அப்படியே உங்க மேசையையும் திருப்பிப் போடுங்க."

அவன் முகம் சுருங்கியது. "நான் தேடறது எல்லாருக்கும் தெரிஞ்சுடுமேங்க."

"தெரியட்டும். உங்க எதிர் சீட்டு வான்மதி, எஞ்சினியரிங்ல கோல்டு மெடல் வாங்கின பொண்ணு. நேத்து அவளும் ராஜினாமான்னு வந்து நின்னா. 'இருதயராஜ் அண்ணன் எதையுமே பார்க்காம எழுதறாரு, எனக்கு அப்படி வரலை'ன்னு ஒரே அழுகை."

இருதயராஜ் நேராகத் தன் இடத்துக்குப் போனான். மேசையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்க வான்மதியைக் கூப்பிட்டான்.