பெரிய மெஷின் காட்டாதது

டாக்டர் சிவசைலத்தின் ஸ்கேன் சென்டரில் இருப்பது ஒரே மெஷின். பீரோ உயரம், ஊரே வாய்பிளக்கும் விலை. அதன் பெருமையைப் பேச ஆரம்பித்தால் மனிதர் லேசில் நிறுத்தமாட்டார். அவரிடம் போய், செல்போனில் சொருகினால் படம் காட்டும் ஒரு மலிவான ஸ்கேன் கருவியை நீட்டினாள், அதைச் செய்த மெஹருன்னிசா.

"என் மெஷின் காட்டாத ஒண்ணை இந்தச் சோப்பு டப்பா காட்டட்டும், பத்து வாங்கிக்கிறேன்" என்று சிரித்தார்.

"காட்டுறேன் சார், உங்க வயித்துலயே. ஸ்கேனுக்கு வர்றவங்க மாதிரியே தண்ணி குடிச்சிட்டு, கூப்பிடுற வரைக்கும் அடக்கிக்கிட்டு வெளியே உக்காருங்க."

குடித்தார். முழுகாமல் இருக்கும் பெண்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் கூப்பிடவே இல்லை. காலை மாற்றி மாற்றிப் போட்டவருக்கு நெற்றி வியர்த்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"இவங்க காலையிலேருந்து இப்படித்தான் சார். மெஷின் ஒண்ணுதானே!" என்றபடி அவர் அடிவயிற்றில் கருவியை வைத்தாள். திரையில் மூத்திரப்பை முட்டிக்கொண்டு நின்றது. "இதைத்தான் உங்க மெஷின் இதுவரைக்கும் உங்களுக்குக் காட்டல."

கழிப்பறைக்கு ஓடினார். அங்கே, அடக்க முடியாமல் எழுந்துவந்த பெண்களின் வரிசை. அவரைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தவள் விலகி வழிவிட்டாள்.

"நீங்க முதல்ல போங்கய்யா. எங்களுக்குப் பழகிருச்சு."