காற்று புகாத வீடு

பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். ராஜாக்கள் யானைமேல் ஊர்வலம் போன காலத்தில், மேற்கு மலையின் உச்சியில் முகில்பாறை என்றொரு ஊர் இருந்தது. அங்கே நல்லக்காள் என்ற பெண் வாழ்ந்து வந்தாள்.

ஏலக்காய் வியாபாரம் செய்த கணவன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. கணவனின் முப்பாட்டன் கட்டிய பெரிய வீடு மட்டும் அவளுக்கு மிஞ்சியது. பந்தி பந்தியாக ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்ட வீடு. இப்போது அதற்குள் அவள் ஒருத்திதான்.

மற்ற மாதங்களில் குறையில்லை. மார்கழி பிறந்தால்தான் தொல்லை. கதவிடுக்கில் காற்று வரும். ஜன்னலிடுக்கில் காற்று வரும். ஓட்டிடுக்கிலும் காற்று வரும். ஏற்றிய விளக்கு அணையும். வடித்த சோறு இலைக்கு வருமுன் ஆறும். போர்வைக்குள் கால் நீட்டினால் ஓடைத் தண்ணீரில் வைத்ததுபோல் இருக்கும்.

"யாரையாவது துணைக்கு வெச்சுக்கோ. ஆள் நடமாட்டம் இருந்தா வீடும் கதகதப்பா இருக்கும்" என்றார்கள் ஊரார்.

"ஒருத்தர் தயவும் எனக்கு வேண்டாம். என் குளிரை நான் பார்த்துக்கறேன்" என்றாள் நல்லக்காள்.

அவள் சுபாவம் அப்படி. சரிவில் குடிசை போட்டிருந்த ஆட்டுக்காரன் காரியின் ஆடுகள் ஒருமுறை அவளுடைய அவரைக் கொடியைக் கடித்துவிட்டன. அன்றிலிருந்து காரியோடும் அவன் மனைவி பேச்சியோடும் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த வருஷம் குளிர் முன்னெப்போதும் இல்லாதபடி இறங்கியது. நல்லக்காள் கூடத்தின் நடுவே விறகை அடுக்கிக் கொளுத்தினாள். உயர்ந்த கூரை சூட்டையெல்லாம் விழுங்கிக்கொண்டது. கட்டிலை அறைக்கு அறை மாற்றிப் பார்த்தாள். காற்றும் கூடவே வந்தது. வீட்டிலிருந்த கம்பளியையெல்லாம் மேலே போட்டுக்கொண்டாள். பாரம் ஏறியதே தவிர நடுக்கம் நிற்கவில்லை.

"உள்ளே வர வழியிருந்தால்தானே வருவாய்?" என்று காற்றிடமே சொல்லிவிட்டு, அவள் மண்ணைக் குழைக்க உட்கார்ந்தாள்.

ஓட்டின் இடுக்குகளில் வைக்கோல் திணித்தாள். ஜன்னல்களைச் சாத்தி மண் பூசினாள். கைகள் வெடித்து ரத்தம் கசிந்தது. விடவில்லை. கடைசியில் வாசற்கதவையும் உள்ளிருந்தபடியே சுற்றிலும் பூசி அடைத்தாள். இரும்புச் சட்டியில் கரியைக் கொட்டிக் கனலாக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

ஆகா! விளக்கின் சுடர் ஆடவில்லை. விரல்கள் இளகின. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் உடம்பு நடுங்காமல் இருந்தது. தலை லேசாகக் கனத்தது. 'சூடு கண்ட சுகம்' என்று நினைத்துக் கண்ணை மூடினாள்.

அன்று சாயங்காலம் மலையில் மழையோடு பேய்க்காற்று அடித்தது. மரங்கள் விழுந்தன. அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரது?"

"நான்தாம்மா, பேச்சி. குடிசைக் கூரை பறந்து போச்சு. கைக்குழந்தை நனைஞ்சு கிடக்கு. கதவைத் திறங்கம்மா!"

நல்லக்காள் கதவைப் பார்த்தாள். பூசிய மண் இப்போதுதான் இறுகியிருந்தது. திறந்தால் அத்தனை பாடும் வீண். இனி இதை மறுபடி செய்யக் கையில் தோலும் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை.

"வேற வீட்டுக்குப் போங்க!"

"வழியெல்லாம் மரம் விழுந்து கிடக்கும்மா" என்றது காரியின் குரல்.

"எங்க மேல கோபம்னா நாங்க வெளியிலயே நிக்கிறோம். புள்ளைய மட்டும் வாங்கிக்கங்க" என்றாள் பேச்சி.

குழந்தை வீரிட்டு அழுதது. பிறகு முனகியது. பிறகு சத்தமே இல்லை.

அந்த அமைதியை நல்லக்காளால் தாங்க முடியவில்லை. 'போகட்டும், இந்த மார்கழி முழுக்க நான் நடுங்கினாலும் போகட்டும்' என்று எழுந்தாள். எழுந்தவளுக்குக் கால் மடங்கியது, கண் இருண்டது, குமட்டிக்கொண்டு வந்தது. தவழ்ந்து போய் அரிவாளை எடுத்தாள். கதவோரத்து மண்ணைக் கொத்தினாள். கொத்தக் கொத்தக் கை நழுவியது. மறுபடி மறுபடி கொத்தினாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. வெளியிலிருந்து காரி தள்ள, கதவு திறந்தது.

காற்று பாய்ந்து வந்தது. நல்லக்காள் நிலைப்படியிலேயே சாய்ந்தாள்.

பேச்சி உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். "ஐயோ! கரிச்சட்டியத் தூக்கி வெளியில போடு!" என்று புருஷனிடம் கத்திவிட்டு, நல்லக்காளின் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். "எங்க மாமனார் இப்படித்தாம்மா, கரியப் போட்டுக் குடிசைய அடைச்சுப் படுத்தாரு. காலையில எழுந்திரிக்கல."

குளிர்ந்த காற்றை மடமடவென்று குடித்தாள் நல்லக்காள். மெல்லத் தலை தெளிந்தது. "குழந்தை... குழந்தையை என்கிட்டக் குடு" என்றாள். தன் கம்பளிக்குள் அதை நெஞ்சோடு அணைத்து, உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். காரி ஜன்னலைத் திறந்துவிட்டு அடுப்பு மூட்டினான். வெகுநேரம் கழித்துக் குழந்தை ஓங்கி அழுதது. மூன்று பேரும் சிரித்தார்கள். மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர்.

மறுநாள் வழி சரியானதும் கூரை இழந்த மற்றவர்களையும் நல்லக்காளே ஆள் அனுப்பி வரவழைத்தாள். புகை போக மேலே வழி விட்டார்கள். அடுப்பைச் சுற்றிக் கம்பளிகளைத் தொங்கவிட்டு, பெரிய கூடத்துக்குள்ளே சின்னதாக ஓர் இடம் கட்டினார்கள். அதற்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள், கதை பேசினார்கள், பிள்ளைகளை அதட்டினார்கள். காற்று அப்போதும் வந்தது. ஆனால் அதைப் பற்றிப் பேச அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

கேட்டவர்கள் மனதில் வையுங்கள்: அடுத்தவர் துன்பத்துக்கு நாம் திறக்கும் கதவு, நம் உயிருக்கும் சேர்த்தே திறக்கிறது.