பலாமர வளைவில் கேட்ட சத்தம்

"வாத்தியாரே, என் வண்டி ஊளை விடுது. நிறுத்திக் குடுங்க. முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, உடைச்சு எடைக்குப் போட்டுடறேன்."

சடையாண்டி ஜீப்பை விட்டு இறங்காமலேயே சொன்னார்.

சூசை வாத்தியார் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"இறங்கி வந்து சொல்லுங்கண்ணே" என்றன கால்கள்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த வாத்தியார் சிஷ்யரைவிட வயதில் சின்னவர். சடையாண்டி தாண்டிக்குடி மலையில் காப்பி மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றி ஜீப் ஓட்டியவர். தலை நரைக்க ஆரம்பித்த பிறகுதான் அடிவாரத்துக்கு வந்து சூசையிடம் மெக்கானிக் வேலை பழகினார். அவர் இவரை வாத்தியாரே என்பார், இவர் அவரை அண்ணே என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம், அவர்களுக்கு ஒன்றுமில்லை.

பழகியதில் சடையாண்டிக்கு நன்றாக வாய்த்தது காது. மலையில் எந்த ஜீப் முனகினாலும் அவரைக் கூப்பிடுவார்கள். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். இறங்கும்போது, இது முன் சக்கரத்து பேரிங், இது பின் அச்சு என்று சொல்லிவிட்டுப் போவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்குத்தான் இல்லை.

அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். மூடாதவள் அவர் மனைவி காமாயி ஒருத்திதான். அவர் தன் ஜீப்பில் மலையிறங்கும்போதெல்லாம் பக்கத்துச் சீட்டில் பேசிக்கொண்டே வருகிறவளும் அவள்தான்.

"மிதிச்சாக் கத்துதா, விட்டாக் கத்துதா?" என்று கேட்டார் சூசை.

"விட்டா. இறக்கத்துல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா ஆரம்பிச்சிடுது."

"கியர் மாத்துனா சத்தம் மாறுதா?"

"மாறலை. வேகம் கூடுனா கூடுது, குறைஞ்சா குறையுது."

"நாலு சக்கரத்துக்கும் இழுவை குடுத்தா?"

"குடுத்தாலும் கத்துது, எடுத்தாலும் கத்துது. முன்னாடி போற சாஃப்ட்டையே கழட்டி வெச்சுட்டு ஓட்டிப் பாத்தேன். அப்பவும் அதே ஊளை."

"அப்ப பின் அச்சுதான்."

"பின் அச்சுதான். ஆயில் மாத்தினேன். பேரிங் மாத்தினேன். ஒண்ணும் கேக்கலை."

"கூட வர்றவங்க என்ன சொல்றாங்க?"

"மூட்டை ஏத்துற பயகிட்டக் கேட்டேன். பழைய வண்டின்னா அப்படித்தாண்ணே, எப்பவும் கத்துறதுதானேங்கறான். காது செத்த பய."

வண்டிக்கு அடியில் ஸ்பேனர் ஓசை நின்றது.

"எப்ப இருந்து கத்துது?"

"டயர்கூட மாத்திப் பாத்துட்டேன் வாத்தியாரே. ரோட்டைப் பிடிக்கிற பட்டன் ரொம்பப் பெருசா இருந்தா சத்தம் வரும்ல..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கண்ணே."

வேலை பழகிய காலத்திலிருந்து சூசை இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுற்றி வளைக்கிறவனுக்கு வண்டி பிடிபடாது என்பது அவர் கட்சி.

"கார்த்திகைல இருந்து" என்றார் சடையாண்டி.

"கார்த்திகைல என்னைக்கு?"

சடையாண்டி ஜீப்பின் கதவைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அவளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன அன்னைக்கு."

சூசை வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

அன்றைக்குக் காலையில் காமாயி நெஞ்சை அடைக்கிறது என்றாள். சடையாண்டி அவளை ஜீப்பில் பக்கத்தில் உட்காரவைத்துக் கீழே இறக்கினார். ஆசுபத்திரி வாசலில் வண்டியைச் சுற்றி வந்து கதவைத் திறந்தபோது அவள் தலை சாய்ந்திருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்துத் தோளைத் தட்டி எழுப்பினார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்.

வழியில் எங்கே? துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். சடையாண்டிக்குப் பதில் தெரியவில்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தவள் எந்த இடத்தில் போனாள் என்றுகூடத் தெரியாத நான் என்ன புருஷன் என்று நினைப்பார். நினைத்தால் சோறு இறங்காது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய் ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொள்வார்.

சூசை பின் அச்சின் மூடியைக் கழற்றினார். உள்ளே டார்ச் அடித்து, பல் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு பல்லாக விரலால் தடவிப் பார்த்தார்.

"இது கார்த்திகைல தேஞ்சது இல்லண்ணே. வருசக்கணக்காத் தேஞ்சது. ஆனா உடையாது. இன்னும் ரொம்ப நாளைக்கு ஓடும்."

"அப்ப சத்தம்?"

"அதுவும் வருசக்கணக்கா இருந்திருக்கும்."

சடையாண்டிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என் வண்டி, வருசக்கணக்கா, என் காதுக்குத் தெரியாமலா?"

சூசை மூடியைத் திரும்ப முடுக்கி, ஆயிலை ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"மலைக்குப் போயிட்டு இறங்குவோம். நீங்களே ஓட்டுங்க."

ஏறும்போது இருவரும் பேசவில்லை. ஜீப்பும் மேட்டில் முக்கிக்கொண்டு போனதே தவிர ஊளை விடவில்லை. மேலே சந்தைத் திடலில் வண்டியைத் திருப்பினார்கள்.

இறக்கம் ஆரம்பித்ததும் சூசை பேச ஆரம்பித்தார்.

சூசை பேச்சில் மகா கஞ்சன். ஸ்பேனர் வேண்டுமென்றால்கூடக் கையைத்தான் நீட்டுவார். அந்த மனுஷன் அன்றைக்குத் திறந்த வாயை மூடவில்லை. மச்சான் கோழிப்பண்ணை வைத்துக் கையைச் சுட்டுக்கொண்ட கதையைச் சொன்னார். மாதா கோயில் திருவிழாவில் சப்பரத்து விளக்கெல்லாம் அணைந்து, சாமியாரே டார்ச் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். மாமியாரின் ஆடு பக்கத்து வீட்டு ரேஷன் கார்டைத் தின்றுவிட்டு, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போனதைச் சொன்னார்.

சடையாண்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டினார். "அட" என்றார். ஆடு கதைக்குச் சிரித்தும்விட்டார். கார்த்திகைக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

"அந்தக் கார்டுல இருந்த போட்டோவை மட்டும் ஆடு..." என்ற சூசை, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

ஜீப்புக்குள் ஊளை கேட்டது. பின் அச்சிலிருந்து, ஒரே சீராக, நீளமாக.

"கேக்குதா வாத்தியாரே? வந்துடுச்சு பாருங்க. இப்பத்தான் ஆரம்பிக்குது."

"இப்ப ஆரம்பிக்கலைண்ணே. மேல இருந்தே கத்திக்கிட்டுத்தான் வருது. நான்தான் இப்பப் பேச்சை நிறுத்துனேன்."

சடையாண்டி இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டி ஊளை விட்டபடியே இறங்கியது.

"அன்னைக்கு இந்தச் சத்தத்தை முதமுதல்ல எங்க வெச்சுக் கேட்டீங்க?"

"பலாமர வளைவுல."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி கேக்கலை. அதுவரைக்கும் அவ பேசிக்கிட்டே..."

அவர் பிரேக்கில் காலை வைத்தார்.

அடுத்த திருப்பத்தில் ரோட்டின் மேல் சாய்ந்தாற்போல் அந்தப் பலாமரம் நின்றது. அடிமரத்தில் பிஞ்சுகள் பிடித்திருந்தன. சடையாண்டி ஜீப்பை ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தார்.

இப்போது எந்தச் சத்தமும் இல்லை.

"இங்கதான்" என்றார். "இங்கதான் போயிருக்கா."

சூசை தலையை மட்டும் அசைத்தார்.

"எந்தப் பக்கம் கத்துதுன்னு பாக்க நான் தலையை வெளிய நீட்டினேன் வாத்தியாரே. இந்தப் பக்கம். அவ அந்தப் பக்கம் உக்காந்திருந்தா. கீழ போற வரைக்கும் நான் திரும்பிப் பாக்கவே இல்லை."

சடையாண்டி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். இத்தனை மாதமும் அவர் அழுதிருக்கவில்லை. சூசை அவரைத் தொடவும் இல்லை, தேற்றவும் இல்லை. வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் சூசை கேட்டார்.

"கடைசியா என்ன பேசிக்கிட்டு இருந்தாங்க?"

"பேசலை. ஒண்ணு கேட்டா."

"என்ன கேட்டாங்க?"

"களத்துல காயப்போட்ட காப்பியை அள்ளி வெச்சீங்களா, மழை வர்ற மாதிரி இருக்குன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. வளைவு வந்துச்சு, கியர் மாத்தினேன். அதுக்குள்ள சத்தம் கேட்டுது. அப்புறம் அதைத்தானே கேட்டுக்கிட்டு வந்தேன்."

சூசை தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினார். சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். பலாமரம் வரைக்கும் நடந்துபோய், ஜீப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அங்கிருந்தே சொன்னார்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கண்ணே."

சடையாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பக்கத்துச் சீட்டைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தார்.

"இல்ல காமாயி" என்றார். "அள்ளி வைக்கலை. மறந்துட்டேன்."