மூடாத குழிகள்

“டேய் மொக்கையா! தோண்டுறதை நிறுத்துடா!” என்று மயிலார் கரையிலிருந்து கத்தினார்.

மொக்கையன் நிறுத்தவில்லை. காட்டுப்பன்றி அவன். முகமெல்லாம் சேறு. குட்டைக்குள் நின்ற சீமைக்கருவேலத்தின் அடியில் கோரைப்பல்லை விட்டு நெம்பிக்கொண்டிருந்தான்.

குட்டையில் கணுக்கால் தண்ணீர்தான் மிச்சம். அந்தக் காட்டில் வேறு தண்ணீர் கிடையாது. கரையில் முளைத்த சீமைக்கருவேலம் இப்போது குட்டைக்குள்ளேயே இறங்கிவிட்டது. இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. இதுதான் விஷயம். சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

“எத்தனை குழி! நான் ஆடுற தரைடா இது!”

“குட்டை இருக்கிறது தண்ணி குடிக்கத் தலைவரே! ஆடுறதுக்கா?”

முயல்கள் களுக்கென்று சிரித்தன. மயிலார் முறைத்ததும் சிரிப்பு நின்றது.

மயிலார்தான் காட்டுக்குத் தலைவர். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ‘காடு சுத்தம்’ நடத்துவார். முயல்கள் வரிசையாக நின்று செடிகளைத் தரையோடு கடித்துத் தள்ளும். சாயங்காலத்துக்குள் இடமே மொட்டை அடித்த தலை மாதிரி பளபளக்கும். “ஆஹா!” என்பார் மயிலார். அப்புறம் எல்லோருக்கும் பழுத்த சீமைக்கருவேலங்காய் விருந்து. காய் நல்ல இனிப்பு.

மொட்டைத் தலையில் முடி முளைக்காதா என்று ஒருவரும் கேட்டதில்லை.

மொக்கையன் கேட்டான். “போன வருஷம் இங்க இருந்தது ஒரே ஒரு தண்டு. வெட்டினீங்க. இப்ப அதே தூர்ல அஞ்சு தண்டு! பாருங்க!”

“அதனாலதானே மறுபடியும் வெட்டுறோம்!” என்றார் மயிலார், பெருமையாக.

முயல் செவத்திக்குக் கோபம் வந்தது. “பல்லு தேய நாங்க வெட்டுறோம். நீ பெரிய இவன் மாதிரி பேசுறியே அண்ணே!”

“உன் பல்லுதான் தேயுது செவத்தி, செடி தேயலையே! இதுல காயை வேற தின்னுட்டுப் போற வழியெல்லாம் விதை போடுறோம். நானும்தான்! என் விட்டையில முளைச்சதை மட்டும் நேத்துப் பன்னிரண்டு பிடுங்கினேன். இனிமே அந்தக் காயைத் தொட மாட்டேன்.”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சொந்த விட்டையைப் பற்றிக் கேட்க யாருக்குப் பிடிக்கும்?

மயிலார் தோகையை உதறினார். “மழைக்குள்ள குழி எல்லாத்தையும் மூடணும். மூடலைன்னா நீ இந்தக் குட்டைப் பக்கமே வரக்கூடாது. உத்தரவு!”

மொக்கையனுக்குப் பயம்தான். இந்தத் தண்ணீரை விட்டால் எங்கே போவான்? ஆனால் தூரின் ஓரத்தில் ஒரு குட்டித் துளிர் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் பயம் போய் எரிச்சல் வந்தது. மறுபடியும் பல்லை விட்டு நெம்பினான்.

ஏழு நாள். மூக்குத்தோல் கிழிந்தது. குட்டையின் கிழக்குப் பாதியில் ஒரு தூர்கூட மிச்சமில்லை, குழிகள்தான். மேற்குப் பாதியை முயல்கள் மொட்டை அடித்தன.

மழை வந்தது. குழிகள் மூடாமல் கிடந்தன. “போடா வெளியே!” என்றார் மயிலார். மொக்கையன் காட்டுக்கு வெளியே இருந்த பாறைக்காட்டுக்குப் போய், பாறை இடுக்கில் தேங்கிய மழைத்தண்ணீரை நக்கிக் கிடந்தான்.

பங்குனியில் செவத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“அண்ணே, மேற்கே மறுபடியும் முள்காடு! தரை வெடிச்சுப் போச்சு. உன் குழியில மட்டும்தான் தண்ணி நிக்குது. காடே அதைத்தான் குடிக்குது. வந்துடு!”

“தலைவர்?”

“முதல் ஆளா அவர்தான் குடிக்கிறார்!”

மொக்கையன் வந்தான். மயிலார் குழிக்குள் கழுத்தை நீட்டியிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார். “மேற்குப் பக்கத்தை எப்படா தோண்டப் போற?”

“நாளைக்கே. ஆனா காய் விருந்து கிடையாது! இப்ப காலைப் பார்த்து வைங்க தலைவரே, குழி இருக்கு.”

மூடச் சொன்ன குழிகளில் ஒன்றைக்கூட அவன் கடைசிவரை மூடவில்லை.

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வெட்டிவிட்டு வேரை விட்டுவைக்கிறவர், கேட்டை ஒழிக்கவில்லை, வளர்க்கிறார்.