மூன்றாகப் பங்கு வைத்த பாஸ்வேர்டு

என் மகள் பவதாரணிக்கு சைபர் செக்யூரிட்டி படிக்க ஆசை. அதற்கு வழிகாட்ட மூன்று பேர் கிளம்பினோம். அவளைப் பெற்ற நான், என் அண்ணன் குருவையா, என் மனைவியின் அண்ணன் வெயிலுமுத்து. மூன்று பேர் படிப்பையும் கூட்டினாலும் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறையும்.

வெயிலுமுத்துவோடு நான் பேசிப் பதினொரு வருஷமாகிறது. என் வீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்தவர் சாப்பிடாமல் போய்விட்டார். பந்தியில் இடமில்லை என்கிறார். இடம் இருந்தது. ஆனாலும் அவர் தாய்மாமன், ஒதுக்க முடியாது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ரெஜினா டீச்சர்தான் காலேஜ் கவுன்சிலிங்குக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தந்தார். "பாஸ்வேர்டு நீளமா வைங்க. எங்கயும் எழுதாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

"ஒருத்தனுக்கு முழுசாத் தெரிஞ்சா உளறிருவான்" என்றார் அண்ணன், என்னைப் பார்த்து.

எனவே ஆளுக்கு ஒரு பங்கு. ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் சுவரைப் பார்த்து நின்றோம். மொட்டை, காதுகுத்து எல்லாவற்றிலும் தாய்மாமனுக்குத்தான் முதல் மரியாதை என்பதால் வெயிலுமுத்து முதலில் அடித்தார். பிறகு அண்ணன். கடைசியில் நான்.

"எனக்கு?" என்றாள் பவதாரணி.

"யார்கிட்டயும்னா யார்கிட்டயும்தான்" என்று அவளையும் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து காலேஜ் தேர்வு செய்யும் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள், வேண்டிய காலேஜ்களின் பட்டியலை ஆன்லைனில் போட்டுப் பூட்ட வேண்டும். விட்டால் சீட்டு இல்லை. நாங்கள் மூன்றரைக்கே போய் உட்கார்ந்து விவாதத்தை ஆரம்பித்தோம்.

டீச்சர் பொறுமையாகச் சொன்னார்: "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தா அடித்தளம் பலமா இருக்கும். சைபர் செக்யூரிட்டின்னே தனிப் படிப்பும் இருக்கு, நல்ல காலேஜாப் பார்த்துச் சேரணும். ஆனா டிகிரி மட்டும் போதாது. நெட்வொர்க், செக்யூரிட்டி, ஹேக்கிங்னு ஒவ்வொண்ணா சர்டிபிகேட் வாங்கணும். செஞ்சு காட்டுனாத்தான் குடுப்பாங்க."

"ஹேக்கிங்னா பூட்டை உடைக்கிறதா?" என்றார் வெயிலுமுத்து.

"அனுமதி வாங்கிட்டு உடைக்கிறது."

"அனுமதி குடுக்கிறவன் சாவியவே குடுத்துரலாமே?"

இதை மூவரும் உட்கார்ந்து யோசித்தோம். யோசித்து முடித்தபோது மணி நாலு முப்பத்தைந்து.

"அப்பா, ரெண்டு படிப்பையும் காலேஜ் வரிசைப்படி எழுதி வச்சிருக்கேன். திறந்து மட்டும் விடுங்க" என்றாள் பவதாரணி.

வெயிலுமுத்து எழுந்தார். அண்ணன் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "போன தடவை நீங்க முதல்ல. இந்தத் தடவை நான். முறை மாறி வந்தாத்தானே நியாயம்?"

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. அண்ணன் முதலில் அடித்தார், அப்புறம் நான், கடைசியில் வெயிலுமுத்து. தவறு என்றது கம்ப்யூட்டர்.

"பெத்தவனை விட்டுட்டு ஆரம்பிச்சா அப்படித்தான்" என்று நான் முதலில் அடித்தேன். தவறு. இன்னொரு முறை தவறினால் நாளைக்குத்தான் திறக்கும் என்று சிவப்பில் வந்தது.

"அண்ணே, அவரு போய்ச் சாப்பிட்டுட்டு வரட்டும், நாம ரெண்டு பேரும் பார்த்துக்குவோம்னு சொல்லு" என்றேன்.

"சாப்பாட்டைப் பத்தி இந்த மாப்பிள்ளை பேச வேணாம்னு சொல்லுங்க" என்றார் வெயிலுமுத்து.

"மூணு பேரும் எந்திரிங்க!" என்றாள் பவதாரணி.

உட்கார்ந்தாள். கடகடவென்று அடித்தாள். திறந்துகொண்டது. மணி நாலு ஐம்பது. பட்டியலைப் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்படிம்மா?" என்றேன்.

"மாமா அவரு புல்லட் நம்பரைத் தவிர வேற எந்த நம்பரும் ஞாபகம் வச்சதில்ல. பெரியப்பா ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லித்தான் அடிச்சாரு. உங்களுது மாமா சாப்பிடாமப் போன தேதி. ஊருக்கே தெரியும். அன்னைக்கு அடிச்ச வரிசையிலயே அடிச்சேன்."

வெயிலுமுத்து என்னைப் பார்த்தார். "நம்ம பூட்டையே உடைச்சுட்டாளே, மாப்பிள்ளை!"

"செஞ்சும் காட்டிட்டா, மச்சான்" என்றேன். பதினொரு வருஷத்தில் அவரிடம் நான் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

செய்துகாட்டியவளுக்குச் சர்டிபிகேட் தராமல் இருக்க முடியுமா? வெள்ளைத்தாளில் எழுதினோம்: 'மேற்படி பவதாரணி இன்று மாலை 4.50க்கு, எங்கள் மூவர் கண்முன்னே, எங்கள் பாஸ்வேர்டை, எங்கள் அனுமதியில்லாமலே உடைத்தாள் என்று சான்றளிக்கிறோம்.' மூவரும் கையெழுத்திட்டு, அண்ணனின் மாவு மில் சீலைக் குத்தி, லேமினேட் செய்தோம்.

அவள் கேட்ட சைபர் செக்யூரிட்டியே கிடைத்தது. சேருகிற அன்று, மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழோடு அதையும் நீட்டினேன். பவதாரணி முகத்தை மூடிக்கொண்டாள். ஆபீஸ் கிளார்க் வரி விடாமல் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"ஒரிஜினலை நீங்களே வச்சுக்கோங்க. ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து, கெசட்டட் ஆபீசர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றார்.